சினிமாவுக்கும் நாடகத்துக்கும் மியூசிக் போடப் படிக்கணுமா? மலையகத்துப் புள்ளைங்களுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டு போடத் தெரிஞ்சவங்க நம்ம தோட்டங்கள்ல நெறைய பேரு இருக்காங்க. கீபோர்ட்ல ஒரு மெட்ட வாசிச்சு, அதுக்கு நாலு வரி எழுதி, போன்லயே ரெக்கார்ட் பண்ணி போட்டுருவாங்க, நல்லாவும் இருக்கும். ஆனா சினிமாவுக்கும் நாடகத்துக்கும் இசையமைக்கிறத ஒரு படிப்பா படிக்கணும்னு கலைக் கல்லூரிக்குப் போனா அங்க கேக்குறது வேற. ஒரு காட்சியப் போட்டுக் காட்டி, இதுல மியூசிக் எங்க வரணும், எங்க வரவே கூடாது, வந்தா எப்ப நிக்கணும், அப்பிடி ஏன் நினைக்கிறீங்கன்னு கேப்பாங்க. இதுக்குப் பதில் சொல்லப் பழகுறதுலதான் பாதிப் படிப்பு இருக்கு.

ஓ.எல். முடிச்சவங்க, ஏ.எல். எழுதிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறவங்க, கொழும்புல கடையில நின்னுக்கிட்டே ராத்திரில ஹெட்போன மாட்டிக்கிட்டு எதையாவது செஞ்சு பாக்குறவங்க, எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். வரிசையா சொல்றேன், ஆனா உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச இடத்த தாண்டிப் போயிருங்க.

மொதல்ல காட்சியப் பாக்கக் கத்துக்கங்க

எந்த சாமானும் வாங்குறதுக்கு முன்னாடி செய்யிற வேல இது. ஏதாவது ஒரு படத்துல ஒரு அஞ்சு நிமிசத்த எடுத்துக்கிட்டு மூணு தடவ பாருங்க. மொதத் தடவ சும்மா பாருங்க. ரெண்டாவது தடவ சத்தத்த அடைச்சிட்டுப் பாருங்க. மூணாவது தடவ படத்தப் பாக்காம சத்தத்த மட்டும் கேளுங்க. ஒரு கொப்பியில கோடு போட்டு, மியூசிக் எந்த செக்கன்ல ஆரம்பிச்சிச்சு, எதப் பாத்து ஆரம்பிச்சிச்சு (ஒரு பார்வையா, கதவு தொறந்ததா, ஒரு வார்த்தையா), எங்க நின்னுச்சுன்னு எழுதுங்க. டைரக்டரும் இசையமைப்பாளரும் ஒண்ணா உக்காந்து படம் முழுக்க இப்பிடித்தான் குறிப்பாங்க, அதுக்கு ஸ்பாட்டிங்னு பேரு. ஒரு தடவ மியூசிக் ஆரம்பிச்சு நிக்கிற வரைக்கும் உள்ள துண்டு ஒரு கியூ. ஒரு படத்துல எத்தன கியூ, ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம்னு போடுற பட்டியல்தான் கியூ ஷீட். இத ஒரு மாசம் விடாம செஞ்சீங்கன்னா ஒண்ணு புரியும், நல்ல படங்கள்ல மியூசிக் இல்லாத இடம் எவ்வளவு இருக்குன்னு. புதுசா வர்ற ஆளுங்க எல்லாரும் அத மறந்துட்டு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் வயலின இழுத்துக்கிட்டே இருப்பாங்க.

அடுத்தது கணக்கு. பயப்படாதீங்க, கூட்டல் பெருக்கல்தான். ஒரு காட்சி இருக்குன்னு வைங்க: அட்டன் பஸ் ஸ்டாண்ட், பனி மூட்டம், ஒரு புள்ள பேக்க மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா, 13ஆவது செக்கன்ல பஸ் கதவு தொறந்து அவங்க அப்பா இறங்குறாரு. அவரு இறங்குற அந்த எடத்துல மியூசிக் மாறணும். நிமிசத்துக்கு 60 தாள அடி வேகத்துல எழுதுனா ஒரு அடிக்கு ஒரு செக்கன், அப்ப 13ஆவது செக்கன்ல விழுறது 14ஆவது அடி. நாலு நாலு அடியா எண்ணிப் பாத்தா அது நாலாவது பார்ல ரெண்டாவது அடி, அதாவது நடுவுல எங்கயோ போய் விழுது. அத சரி பண்ண வேகத்தக் கொஞ்சம் மாத்தணும். 13 செக்கனுக்குள்ள 16 அடி அடங்கணும்னு வச்சா 16ஐ 13ஆல பிரிச்சு 60ஆல பெருக்குங்க, 73.8 கிட்ட வரும். இப்ப எட்டு அடி உள்ள ஆதி தாளம் சரியா ரெண்டு ஆவர்த்தனம், அதாவது ரெண்டு சுத்து முடிஞ்சு, மூணாவதோட சமத்துல, அதாவது மொத அடியில, அப்பா கால கீழ வைக்கிறாரு. அதே காட்சிய இன்னும் கனமா, மெதுவா வேணும்னா 12 அடிதான்னு முடிவு பண்ணி 55.4 வேகத்துல எழுதலாம். ரெண்டையும் வாசிச்சுப் பாருங்க, ஒரே மெட்டு ரெண்டு கதை சொல்லும். சங்கீத கிளாஸுக்குப் போன புள்ளைங்களுக்கு இந்த விசயம் ரொம்ப சீக்கிரம் பிடிபடும், ஏன்னா கணக்கு வச்சு சமத்துக்கு வர்றது உங்களுக்குப் பழக்கமான வேலதான்.

இன்னொண்ணு. சினிமா வழக்கமா செக்கனுக்கு 24 பிரேம், டிவிக்குப் பண்றது நம்ம நாட்டுல 25. யாராவது உங்ககிட்ட வீடியோ தந்தா மொதக் கேள்வியா 24ஆ 25ஆன்னு கேட்டு எழுதி வச்சிக்கங்க, இல்லாட்டி அவங்க சொல்ற பிரேம் நம்பரும் உங்க ஸ்கிரீன்ல இருக்கிறதும் ஒத்துப் போகாது.

சுரமும் தெரியணும், ஸ்டாஃப் நொட்டேஷனும் தெரியணும்

இதுலதான் நம்ம புள்ளைங்க நெறைய பேரு தடுமாறுறாங்க. ஸ்கூல்ல கர்நாடக சங்கீதம் படிச்சிருப்பாங்க, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில ரெண்டு மூணு தரம் பாஸ் பண்ணியிருப்பாங்க, காது சுத்தமா இருக்கும், ஆனா ஸ்டாஃப் நொட்டேஷன்ல, அதாவது அஞ்சு கோட்டுல எழுதின ஒரு தாளக் காட்டினா வாசிக்க வராது. இன்னொரு பக்கம் சர்ச்ல கீபோர்ட் வாசிச்ச புள்ளைங்க இருக்காங்க, ரெண்டு மூணு சுரத்த ஒண்ணா அழுத்துற கோர்ட் எல்லாம் போட்டு அசத்துவாங்க, ஒரு ராகத்த நாலு நிமிசம் வளத்துக் காட்டச் சொன்னா முடியாது. இசையமைப்பு படிக்கிறதுன்னா ரெண்டு கையும் வேணும். வயலின் வாசிக்க வந்த ஆளுகிட்ட நீங்க பாடிக் காட்டி புரிய வச்சிக்கிட்டு இருக்க நேரம் இருக்காது, எழுதின தாளக் கொடுக்கணும்.

தெரிஞ்சதுல இருந்து தெரியாததுக்குப் போற வழி லேசானது. சுருதி 1 கட்டைன்னா கீபோர்ட்ல சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி, அரைக் கட்டை எல்லாம் கறுப்பு. சங்கராபரணம் அப்பிடியே மேல் நாட்டு இசையோட மேஜர் ஸ்கேல். நடபைரவி நேச்சுரல் மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர், கரகரப்பிரியா டோரியன், தோடி ஃபிரிஜியன், கல்யாணி லிடியன், அரிகாம்போதி மிக்ஸோலிடியன். சுரம் ஒண்ணுதான், ஆனா ராகம் அந்த சுரத்துக்குள்ள மட்டும் இல்ல, சுரத்த அசைச்சு வளைக்கிற கமகத்துல இருக்கு, அதனால தோடிய கீபோர்ட்ல கட்டை கட்டையா வாசிச்சிட்டு தோடி வாசிச்சேன்னு சொல்லிறாதீங்க, உங்க சங்கீத டீச்சர் மனசு உடைஞ்சிரும். கொம்பியூட்டரோட இணைக்கிற மிடி கீபோர்ட்ல பக்கத்துல இருக்கிற, சுரத்த வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரத்த வச்சு கொஞ்சம் கிட்டப் போகலாம், ஆனா ஒரு நிஜமான வயலின், புல்லாங்குழல், இல்லாட்டி வாய்ப்பாட்டுகிட்ட நிக்காது.

72 மேளகர்த்தாவ, அதாவது தாய் ராகங்கள, மனப்பாடமா வச்சிருக்கிற புள்ளைக்கு ஒரு பெரிய சொத்து கையில இருக்கு. மேல் நாட்டுல படிக்கிறவங்களுக்கு இவ்வளவு ஸ்கேல் ஒரே அட்டவணையில கிடைக்கிறது இல்ல. அதோட கூட கத்துக்க வேண்டியது ஹார்மனி, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு மூணு சுரம் நிக்கிறப்போ என்ன நடக்குதுங்கிறது. சர்ச் கொயர்ல சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்னு நாலு குரல்ல பாடுற இடம் பக்கத்துல இருந்தா, எந்த மதமா இருந்தாலும் போய் ஒரு ஓரமா உக்காந்து கேளுங்க, முடிஞ்சா ஆல்டோவோ டெனரோ பாடுங்க. நடுக்குரல்ல நின்னு பாடுனாத்தான் ஹார்மனி உள்ளுக்குள்ள எப்பிடி நகருதுன்னு காதுக்குப் புரியும்.

வாத்தியங்களப் பத்தியும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். வயலினோட ஆகக் கீழ இருக்கிற சுரம் ஜி, அதுக்குக் கீழ எழுதுனா வாசிக்க வந்த ஆளு உங்களப் பாத்துச் சிரிப்பாரு. நம்ம ஊரு பேண்ட் செட்டுல இருக்கிற கிளாரினெட் பி ஃபிளாட் வாத்தியம், தாள்ல சி எழுதினா சத்தம் பி ஃபிளாட்ல வரும், ஒரு முழு சுரம் கீழ. எல்லாத்துக்கும் புத்தகத்தத் தேடிக்கிட்டு இருக்காம, வாசிக்கிற ஆளக் கண்டுபிடிச்சு, ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுத்து, "அண்ணே, இதுல ஆகக் கஷ்டமான விசயம் என்ன?"ன்னு கேளுங்க.

தப்பு மேளத்துக்குப் பக்கத்துல போய் நில்லுங்க

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நாடகத்துக்கு மியூசிக் போடுறதுன்னா என்னன்னு உலகத்துல எந்தக் கல்லூரிக்குப் போனாலும் சொல்லித் தர்ற ஒரு விசயத்த நம்ம ஆளுங்க காமன் கூத்துல வருசா வருசம் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. மாசி மாசம் கம்பம் நட்டு, ரதி மன்மதன் கதையா நடக்கிற அந்தக் கூத்துல தூதன், வீரபத்திரன், எமன்னு ஒவ்வொரு பாத்திரமா வர்றப்போ தப்போட அடி எப்பிடி மாறுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாலும் யாரு வந்திருக்காங்கன்னு ஊர்ல வயசானவங்க சொல்லிருவாங்க. பாத்திரத்துக்கு ஒரு இசை அடையாளம் வைக்கிறதுன்னு கிளாஸ்ல படிக்கப் போறீங்களே, அது இதுதான். அருச்சுனன் தபசுக் கூத்துல தபசு மரத்துல ஏறுற ஆளு ஒரு நாளைக்கு வேகமா ஏறுவாரு, இன்னொரு நாளைக்கு நடுவுல நின்னு மூச்சு வாங்கிப் பாடுவாரு, மேளக்காரரு அவர் காலையே பாத்துக்கிட்டு அடிய இழுப்பாரு, குறுக்குவாரு. சினிமாவுல படம் மாறாது, மியூசிக்தான் அதுக்குள்ள அடங்கணும். மேடையில ஒவ்வொரு ராத்திரியும் நேரம் மாறும், மியூசிக் அதுக்கு வளஞ்சு குடுக்கணும். ரெண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான், இத நீங்க புத்தகம் இல்லாமலே பாத்துத் தெரிஞ்சிக்கலாம்.

பொன்னர் சங்கர் கூத்து போடுற தோட்டம் பக்கத்துல இருந்தா அதையும் விட்றாதீங்க. ராத்திரி முழுக்க போகும், ஜெர்சி போட்டுக்கிட்டுப் போங்க. வேடிக்கை பாக்குற எடத்துல இருந்து கொஞ்சம் நகந்து மேளக்காரங்களுக்குப் பக்கத்துல நில்லுங்க. தப்ப நெருப்புல காட்டுறதப் பாருங்க, அட்டன், மஸ்கெலியா பக்கத்துக் குளிருக்கும் ஈரத்துக்கும் தோல் சீக்கிரமா தொய்ஞ்சு சத்தம் கீழ இறங்கிரும், திரும்பத் திரும்பச் சூடு காட்டி ஏத்துவாங்க. சூடு காட்டுன உடனே அடிக்கிற சத்தமும் அரை மணித்தியாலம் கழிச்சு வர்ற சத்தமும் ஒண்ணு இல்ல. நீளமான மெல்லிசு குச்சி ஒண்ணு, கட்டையான குச்சி ஒண்ணு, ரெண்டும் தோல்ல வேற வேற எடத்துல விழுது, அதுலதான் இத்தன நிறம் வருது. இதக் கேட்டுப் பழகின காதுக்குக் கொம்பியூட்டர்ல வர்ற டிரம் சத்தம் எவ்வளவு தட்டையா இருக்குன்னு உடனே தெரியும்.

ரெக்கார்ட் பண்றதா இருந்தா மொதல்ல கேட்டுட்டுப் பண்ணுங்க. அந்த ஆளுங்களுக்கு நீங்க பக்கத்து லயத்துப் புள்ளையாத்தான் இருப்பீங்க, ஆனாலும் கேக்கணும், பேரு எழுதி வச்சிக்கணும், எதுக்குன்னு சொல்லணும். போன தப்புக்கு நேரா கிட்டக்க வச்சா சத்தம் கிழிஞ்சிரும், பத்து அடி தள்ளிப் பக்கவாட்டுல வைங்க. போன்ல சத்தத்தத் தானா கூட்டிக் குறைக்கிற வேலய நிப்பாட்ட முடிஞ்சா நிப்பாட்டிட்டு, வேவ் பைலா சேமிங்க.

தப்படிக்கிறதக் கேவலமாப் பேசுற ஆளுங்க நம்ம ஊர்லயே இருக்காங்க, சாவு வீட்டு வாத்தியம்னு ஒதுக்குவாங்க. அந்தப் பேச்சக் காதுல வாங்காதீங்க. காலையில தோட்டத்து வேலக்கு ஆளுங்க கூடுற பிரட்டுக்கு ஆளக் கூப்புட்டதும் அதுதான், சாமி கும்பிட்டதும் அதுதான். மலைநாட்டு மக்களோட பாட்டெல்லாம் அழிஞ்சிரக் கூடாதுன்னு மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தேடிச் சேத்தாரு. பேராதனை கெம்பஸ்ல 1960கள்ல பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்த எடுத்து நவீன மேடைக்குத் தக்க மாதிரி சுருக்கி, அடுக்கிக் காட்டினதுக்கு அப்புறம்தான் படிச்ச ஆளுங்க அதப் பெருசாத் திரும்பிப் பாத்தாங்க. உங்க ஊர்ச் சத்தத்தோட கல்லூரிக்குப் போறப்போ, இதையே எடுத்துக்கிட்டு வர்ற வேற ஆளு அந்த கிளாஸ்ல இருக்க மாட்டாங்க.

ஸ்கூல் நாடகத்த விட்றாதீங்க

படிக்கப் போறதுக்கு முன்னாடி நிஜ நாடகத்துக்கு வேல செஞ்சு பாக்க ஆகச் சுலபமான எடம் தமிழ்மொழித் தினப் போட்டி. ஸ்கூல், வலயம், மாகாணம், அகில இலங்கைன்னு போகும், நாடகம் இருக்கும், ஒவ்வொரு ஸ்கூல்லயும் கடைசி நேரத்துல "யாராவது மியூசிக் போடுங்கப்பா"ன்னு தேடிக்கிட்டு இருப்பாங்க. நீங்க ஸ்கூல விட்டு வந்துட்டாலும் போய் நாடக டீச்சர்கிட்ட கேளுங்க, வேணாம்னு சொல்ல மாட்டாங்க.

போனா ஒத்திகையில மொத நாள்ல இருந்தே உக்காருங்க. எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் மியூசிக்க ஒட்ட வந்தா ஒட்டாது. எந்த வசனத்துல நீங்க ஆரம்பிக்கணும்னு பிரதியிலயே பென்சிலால கோடு போடுங்க. நடிகர் லேட்டா வந்தா என்ன செய்யிறதுன்னு மொதல்லயே யோசிச்சு, எத்தன தடவ வேணும்னாலும் சுத்தி வாசிக்கிற மாதிரி நாலு பார் துண்டு ஒண்ணு எழுதி வச்சிக்கங்க. அவரு வந்ததும் அடுத்த துண்டுக்குத் தாவணும், அந்தத் தாவல் தெரியக் கூடாது. பேசுறப்போ கீழ போற மியூசிக்க எளிமையா வைங்க. மனுசக் குரல் தெளிவா கேக்குற உயரத்துல புல்லாங்குழலும் வயலினும் மெட்டு வாசிச்சுக்கிட்டு இருந்தா பின் வரிசையில இருக்கிறவங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது, கீழ் சுரத்துல நீட்டிப் பிடிங்க, மெட்ட வசனத்துக்கு நடுவுல வர்ற இடைவெளிக்கு வச்சிக்கங்க.

பெருசா செய்யிற தியேட்டர்கள்ல சத்தத்த வரிசையா ஓட விடுறதுக்கு கியூலேப்னு ஒரு மென்பொருள் பாவிக்கிறாங்க, அது மேக்ல மட்டும்தான் ஓடும். ஸ்கூல் மண்டபத்துல உங்களுக்கு அது தேவை இல்ல. 01, 02, 03னு நம்பர் போட்டுப் பேரு வச்ச பைல்கள், விமான மோட்ல போட்ட போன் ஒண்ணு, அது போதும். விமான மோட முக்கியமாச் சொல்றேன், எமன் வர்ற நேரத்துல மாமா கோல் எடுத்தா ரிங்டோன்தாங்க முழு மண்டபத்துக்கும் கேக்கும்.

சாமான் வாங்குற கத

சல்லி செலவழிக்கிறதுக்கு ஆசை எல்லாருக்கும் இருக்கும், கடைக்காரனும் விடமாட்டான். என் கருத்து என்னன்னா, மொத வருசத்துல ஒரு நல்ல மூடின ஹெட்போன், சின்ன மிடி கீபோர்ட் ஒண்ணு (49 கட்டை இருந்தா ரெண்டு கையும் பழகலாம், 25 கட்டையில முடியாது), வீட்டுல ஏற்கனவே இருக்கிற லேப்டாப், இதுக்கு மேல ஒண்ணும் வேணாம். பெரிய ஸ்பீக்கர் லயத்துக் காம்பிராவுல வச்சா உங்களுக்கும் பிரயோஜனம் இல்ல, பக்கத்து வீட்டு ஆளுங்களுக்கும் நிம்மதி இல்ல.

மென்பொருளுக்குத் திருட்டுப் பிரதி தேட வேண்டாம். நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர் இலவசம், அதோட வர்ற வாத்தியச் சத்தமும் கேக்குற மாதிரி இருக்கும். ரெக்கார்டிங்குக்கு ரீப்பர் எடுத்துக்கங்க, 60 நாள் முழுசா பாவிச்சுப் பாக்கலாம், தனி ஆளுக்கான லைசென்ஸ் 60 டொலர், வீடியோவ உள்ள போட்டுக்கிட்டே அதுக்கு மேல மியூசிக் எழுதலாம், பழைய லேப்டாப்லயும் இழுக்கும். ஸ்பிட்ஃபயர் லேப்ஸ்னு தேடினா இலவசமா நல்ல வாத்தியச் சத்தங்கள் கிடைக்கும். ஆனா ஒரே நாள்ல நூறு சத்தம் டவுன்லோட் பண்ணிக்கிட்டு டேட்டாவ முடிச்சிராதீங்க, ஒரு பியானோ, ஒரு ஸ்ட்ரிங்ஸ், ஒரு குழல் எடுத்து அதுலயே ஆறு மாசம் ஓட்டுங்க.

புது ப்ரொஜெக்ட் தொறக்கிறப்போ சேம்பிள் ரேட்ட (ஒரு செக்கன்ல சத்தத்த எத்தன தடவ அளந்து பதியிறதுங்கிறத) 48,000ல வைங்க, 24 பிட். சிடிக்கு 44,100, வீடியோ வேலக்கு 48,000தான் வழக்கம்.

ரெக்கார்டிங்க பத்தி: தகரக் கூரைக்குக் கீழ மழை நேரத்துல ஒண்ணும் நடக்காது. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேற்குப் பக்கத்து மலையில மழை விடாது, அந்தக் காலத்துல எழுதுற வேல, கேக்குற வேல பாருங்க. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ஓரளவு காஞ்சிருக்கும், வாய்ப்பாட்டு, குழல், வயலின் எல்லாம் அப்ப எடுங்க. காம்பிராவுல கம்பளிய ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு, மெத்தைய செவுத்துல சாத்தி வச்சாலே எதிரொலி பாதி குறையும். கரண்ட் போறது நம்ம ஊர்ல புதுசு இல்ல, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சேவ் ஆகுற மாதிரி மென்பொருள்லயே போட்டு வைக்கலாம். ஈரத்துக்கு வாத்தியமும் மைக்கும் பூஞ்சணம் பிடிக்கும், பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க, சப்பாத்து வாங்குறப்போ சும்மா வர்றதுதான்.

காட்டுறதுக்கு என்ன செஞ்சு வைக்கிறது

எந்தக் கல்லூரிக்கு அப்ளை பண்ணினாலும் நீங்க செஞ்ச வேலயக் கேப்பாங்க, போர்ட்ஃபோலியோன்னு சொல்வாங்க. எண்ணிக்கையும் வடிவமும் இடத்துக்கு இடம் மாறும், அத அவங்க அறிவித்தல்ல வாசிங்க. ஆனா எங்க போனாலும் உதவுற மாதிரி ஒரு நாலு துண்டு கையில இருந்தா நிம்மதி. ஒண்ணு வீடியோவோட, ரெண்டு நிமிசத்துக்குக் குறைவா. ஒண்ணு நீங்க நிஜமா வேல செஞ்ச நாடகத்துல இருந்து, மேடையில எடுத்த வீடியோ மங்கலா இருந்தாலும் பரவாயில்ல. ஒண்ணு படமே இல்லாம, மூணு நாலு வாத்தியத்துக்கு ஒழுங்கா ஸ்டாஃப்ல எழுதி, ஒரு வாத்தியமாவது ஆள் வாசிச்சது. கடைசியா ஒண்ணு உங்க இஷ்டத்துக்கு, யாரையும் கேக்காம செஞ்சது.

வீடியோவுக்கு எங்க போறதுன்னு யோசிப்பீங்க. புதுப் படத்துல இருந்து ஒரு துண்ட வெட்டி மியூசிக்க மாத்திப் பொதுவுல போட்டா உரிமைப் பிரச்சினை வரும், அதோட பாக்குறவங்களுக்கு மூல மியூசிக் ஏற்கனவே காதுல இருக்கும், நீங்க என்ன போட்டாலும் அதோட ஒப்பிடுவாங்க. பேசாத காலத்துப் பழைய படங்கள்ல நெறைய இப்ப உரிமைக் காலம் முடிஞ்சு இண்டர்நெட் ஆர்கைவ்ல கிடைக்குது, அதுல எடுங்க, வசனமே இல்லாததால முழுக் கதையையும் நீங்களே சுமக்கணும், நல்ல பயிற்சி. அத விட நல்லது உங்க கூட்டாளி யாராவது போன்ல எடுக்கிற குறும்படம். பக்கத்துல டைரக்டர்னு ஒருத்தன் உக்காந்து "இது எனக்குப் புடிக்கல மச்சான், ஏன்னு தெரியல"ன்னு சொல்றதக் கேட்டு, கோவப்படாம, அவன் என்ன கேக்குறான்னு கண்டுபிடிச்சு மாத்திக் குடுக்கிறது இருக்கே, இந்தத் தொழில்ல பாதி அதுதான். சில நேரம் அவன் வேற படத்தோட மியூசிக்கத் தற்காலிகமா ஒட்டி எடிட் பண்ணியிருப்பான், டெம்ப் டிராக்னு சொல்வாங்க, அதையே கேட்டுக் கேட்டு அது மாதிரியே வேணும்னு அடம்பிடிப்பான். அதுல இருந்து வேகத்தையும் மனநிலையையும் எடுத்துக்கங்க, மெட்ட எடுக்காதீங்க.

எங்க படிக்கிறது

இலங்கையில தமிழ்ல சங்கீதமும் நாடகமும் ஒரே கூரைக்குக் கீழ படிக்கணும்னா மொதல்ல யோசிக்க வேண்டியது மட்டக்களப்பு கல்லடியில இருக்கிற சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தோட சேந்தது. சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலை எல்லாம் அங்க இருக்கு. யாழ் நூல் எழுதின விபுலானந்தரோட பேர்ல இருக்கிற எடம், பழந்தமிழ் இசையில ஆர்வம் இருக்கிறவங்களுக்கு அதுவே ஒரு காரணம். சங்கீதப் புள்ளையாப் போனாலும் நாடகப் புள்ளைங்களோட ஒட்டிக்கிட்டீங்கன்னா நீங்க தேடுற படிப்பு பாதி அங்கயே கிடைச்சிரும். யாழ்ப்பாணத்துல மருதனார்மடத்துல, முன்னாடி இராமநாதன் நுண்கலைக் கழகம்னு சொன்ன, இப்ப யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோட தனிப் பீடமா இருக்கிற எடம், கர்நாடக சங்கீதத்துல அடிப்படை பலமா வேணும்னா அங்க. கொழும்புல கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் 2005ல இருந்து தனிப் பல்கலைக்கழகமா நடக்குது, சூழல் பெரும்பாலும் சிங்களம், சிங்களம் நல்லாப் பேசுற புள்ளைங்களுக்குச் சினிமா, டிவி வேலக்காரங்களோட பழக்கம் கிடைக்கிற எடம் கொழும்புதான். மொழி வேறன்னு பயந்துறாதீங்க, சிங்களச் சினிமாவுக்கு தமிழ் இசையமைப்பாளர்களான முத்துசாமியும் ரொக்சாமியும் போட்ட மியூசிக்கச் சிங்கள ஆளுங்க இன்னைக்கும் கொண்டாடுறாங்க.

இந்த எடங்களுக்கு ஏ.எல். ரிசல்ட்டுக்கு அப்புறம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடுற கைநூல வரிக்கு வரி வாசிங்க. அழகியல் பாடநெறிகளுக்கு இஸட் ஸ்கோர் மட்டும் போதாது, உளச்சார்பு இல்லாட்டி செய்முறைப் பரீட்சை இருக்கும், அதுக்குத் தனியா விண்ணப்பம் கோருவாங்க, அந்தத் திகதிய விட்டா ஒரு வருசம் போச்சு. ஏ.எல்.லுக்கு இன்னும் பாடம் எடுக்காதவங்க, கர்நாடக சங்கீதமும் நாடகமும் அரங்கியலும் ரெண்டையும் சேத்து எடுக்க உங்க ஸ்கூல்ல வழி இருக்கான்னு இப்பவே கேளுங்க. ஒரு பாடத்துக்கு டீச்சர் இல்லன்னு சொல்ற ஸ்கூல்கள் நம்ம பக்கம் கூட, பக்கத்து டவுன் ஸ்கூலுக்கு மாறுறதா இருந்தாலும் ஓ.எல். முடிச்ச கையோட மாறணும். அரச பல்கலைக்கழகத்துல படிப்புக்குக் கட்டணம் இல்ல, மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம்.

வெளிய போற வசதி இருந்தா சென்னையில ஏ.ஆர். ரஹ்மான் 2008ல ஆரம்பிச்ச கேஎம் இசைக் கல்லூரி இருக்கு, இந்திய, மேல் நாட்டு இசை ரெண்டும், கூடவே இசைத் தொழில்நுட்பமும் சொல்லித் தர்றாங்க. மொழி, சாப்பாடு எல்லாம் ஒத்துப் போகும், ஆனா கட்டணமும் தங்குற செலவும் சேத்துக் கணக்குப் போட்டுட்டு முடிவு பண்ணுங்க. இன்னும் தூரமா, சுவிட்சர்லாந்துல சூரிச் கலைப் பல்கலைக்கழகத்துல திரைப்படம், நாடகம், ஊடகம் மூணுக்கும் சேத்து இசையமைப்புன்னே ஒரு படிப்பு இருக்கு, ஜெர்மன் வேணும். ஜெர்மனியில லுட்விக்ஸ்புர்க் திரைப்பட அகாடமியில ஃபிலிம் மியூசிக் படிக்கலாம். அமெரிக்காவுல பொஸ்டன்ல பெர்க்லி. அங்க சித்தப்பா, மாமான்னு சொந்தம் இருக்கிறவங்க ஒரு கண்ண வச்சிக்கங்க, ஆனா மொழிப் பரீட்சையும் விசாவும் ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்க வேண்டிய வேல. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி நிதியம் ஒண்ணு இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியா நடக்குது, கண்டியில இருக்கிற உதவி உயர்ஸ்தானிகராலயத்துல விசாரிச்சா அதப் பத்தியும் இந்தியாவுல படிக்கிறதுக்கான புலமைப்பரிசில்களப் பத்தியும் சொல்லுவாங்க.

வீட்டுல எப்பிடிச் சொல்றதுங்கிறது தனிக் கட்டுரையே எழுதலாம். "கூத்தாடப் போறியா?"ன்னு கேக்கத்தான் செய்வாங்க, அம்மா மலையில கொழுந்து பறிச்சுப் படிக்க வச்சவங்க, அந்தப் பயம் நியாயம்தான். பட்டம் எடுத்தா சங்கீத டீச்சர், நாடக டீச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்னு சொல்லுங்க, பொய் இல்ல, அந்த வழியிலதான் நம்ம ஆளுங்க நெறைய பேரு நிக்கிறாங்க.

செய்முறைப் பரீட்சைக்குப் போற அன்னைக்கு

பாடச் சொல்லுவாங்க, வாசிக்கச் சொல்லுவாங்க, தாளம் தட்டிக் காட்டித் திருப்பித் தட்டச் சொல்லுவாங்க, ஒரு சுரத்த வாசிச்சு என்ன சுரம்னு கேப்பாங்க. இசையமைப்புக்கே உரிய இடமா இருந்தா ஒரு சின்ன வீடியோவோ ஒரு நாடகக் காட்சியோ குடுத்து உங்க யோசனையக் கேக்கலாம். அப்ப உடனே வாத்தியத்துல கைய வைக்காதீங்க. இந்தக் காட்சி யாரோடது, அம்மாவோடதா மகளோடதா, பாக்குறவங்களுக்கு என்ன தெரியும், பாத்திரத்துக்கு என்ன தெரியாதுன்னு ரெண்டு கேள்வி திருப்பிக் கேளுங்க. உங்க துண்டுகளப் பத்திக் கேட்டா "நல்லா வரல சார்"னு தலையச் சொறியாம, ஏன் அந்த வேகம், ஏன் அந்த வாத்தியம்னு சொல்லுங்க.

பதுளை வழியா மட்டக்களப்புக்குப் போறதா இருந்தா மொத நாளே போய்த் தங்குங்க. குளிர்ல இருந்து அந்த வெயிலுக்கு இறங்கினதும் குரலும் மாறும், வீணை, வயலின் சுருதியும் மாறும், பழக ஒரு ராத்திரி வேணும்.

சேந்ததுக்கு அப்புறம்

மொத வாரத்துலயே நாடகம் படிக்கிறவங்க, வீடியோ எடுக்கிறவங்க யாருன்னு தேடிப் பழகிக்கங்க, இசைப் புள்ளைங்களோட மட்டுமே உக்காந்திருந்தா நாலு வருசம் முடியிறப்போ மியூசிக் போட ஒரு படமும் இருக்காது. வேல ஒத்துக்கிறப்போ ஒரு பக்கத் தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைங்க: எத்தன நிமிசம் மியூசிக், எத்தன தடவ மாத்தித் தரணும், எப்ப குடுக்கணும், பேரு எப்பிடிப் போடணும், சல்லி எவ்வளவு, மியூசிக்க வேற எங்கயாவது பாவிக்கலாமா. கூட்டாளிதானேன்னு வாய்ப்பேச்சுல விட்டா கூட்டாளியும் போயிருவான். இலங்கையில 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நீங்க போட்ட இசைக்கு உங்க ஆயுள் காலமும் அதுக்கப்புறம் 70 வருசமும் பாதுகாப்பு இருக்கு, எதுலயும் கையெழுத்து வைக்க முன்னாடி எத விட்டுக் குடுக்கிறீங்கன்னு வாசிச்சுப் பாருங்க. தப்பு ரெக்கார்ட் பண்ண விட்ட அண்ணன் பேரும் அந்தப் படத்து டைட்டில்ல வரணும், தாளம் அவரோடது.

பைல் குடுக்கிறப்போ மொத்தமா கலந்த ஒண்ணு மட்டும் குடுக்காம, தாளம், ஸ்ட்ரிங்ஸ், குரல்னு தனித் தனி ஸ்டெமாவும் குடுங்க, எல்லாம் ஒரே எடத்துல இருந்து ஆரம்பிக்கிற மாதிரி வெட்டுங்க, பைல் பேர்ல கியூ நம்பரும் திகதியும் போடுங்க. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதான்"னு பேரு வச்சு அனுப்புனா எடிட்டர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்களுக்குத்தான் கோல் எடுப்பாரு.